ஐம்பதுக்கு மேல் மலையில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

கோடநாடு வளைவு

எனக்கு 54 ஆகிறது, ஊர் கோத்தகிரி. இரண்டு கிறுக்கு உண்டு: பைக்கில் மலை ஏறி இறங்குவது, தனியாகச் சோலைப் பக்கம் நடப்பது. இரண்டும் இருபது வயதில் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், ரத்தம் உறையாமல் இருக்க தினமும் இரண்டு மாத்திரை. நடக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார் டாக்டர். பைக் ஓட்டலாமா என்று கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மகன் கோவையில் வேலை பார்க்கிறான். வண்டியை விற்றுவிடுங்கள் அப்பா என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்கிறான். மனைவி ஒன்றுமே சொல்வதில்லை. அதுதான் எனக்கு உதைக்கிறது.

விட்டவர்கள் எப்படி முடிவு செய்தீர்கள், விடாதவர்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள், இதுதான் கேள்வி. "வயசு வெறும் நம்பர்தான்" என்று எழுத வருபவர்கள் அந்த நம்பரை என் முழங்காலிடம் சொல்லிப் பாருங்கள். "பேரனைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருங்கள்" என்பவர்களுக்கு, மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

பல்சக்கரம்

அண்ணா, நான் மேட்டுப்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியைப் பார்த்தாலே ஓட்டினவர் எப்படி இறங்கினார் என்று சொல்லிவிடுவேன். பின் பிரேக் டிரம்மில் கை வைக்க முடியாது, கழற்றினால் உள்ளே உரசிப் பிடிக்கும் லைனிங் வழவழவென்று பளபளத்துப் போய், தீய்ந்த வாடை கடை முழுக்க அடிக்கும். அந்த நிலைக்கு வந்த லைனிங் பிடிக்காது, தேய்க்கத்தான் செய்யும். டிஸ்க் பிரேக் என்றால் ஆயில் கொதித்துவிடும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் சரக்கு, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினால் போதும் என்பதுதான் அதன் கணக்கு. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி, லீவரை அழுத்தினால் ஹேண்டில் வரைக்கும் போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்றால் ஊட்டிக்காரர்களே மாற்றுவதில்லை, கேட்டால் மலையில் குளிர்தானே என்பார்கள்.

வயசு விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது தாண்டியவர்கள் வேகமாக ஓட்டுவதில்லை, அது உண்மை. ஆனால் கிளட்ச் பிடிக்கும் விரல் வலிக்கிறது என்று கியர் மாற்றுவதைக் குறைத்துவிடுகிறார்கள். இரண்டாவது கியரில் வர வேண்டிய வளைவுக்கு மூன்றாவதிலேயே வருவார்கள், பயத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். நாம் ஜாக்கிரதையாகத்தான் வந்தோம் என்று நினைப்பார்கள், டிரம்மோ வேறு கதை சொல்லும். எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது பைக்குக்கும் அப்படியே பொருந்தும். கியர் இல்லாத ஸ்கூட்டர் இன்னும் மோசம். ஆக்சிலேட்டரை மூடி வேகம் குறைந்ததும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் மேல்தான். "பைக் வேண்டாம், வயசாகிவிட்டது, ஸ்கூட்டி எடுத்துக்கொள்கிறேன்" என்று மலைமேல் இருப்பவர் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை மசினகுடியிலிருந்து ஏற விடுகிறார்கள், ஊட்டியிலிருந்து இறங்க விடுவதில்லை. ஏற்றமா இறக்கமா, எது ஆளைக் கொல்லும் என்று போலீசுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆர்எக்ஸ் தம்பி

சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு 26 தான். ஆனால் அஜித் சார் 53 வயதில் துபாய் 24 மணி நேர ரேஸில் ஓட்டினாரே, முதுகில் அத்தனை ஆபரேஷன் ஆன மனிதர். நீங்கள் கோத்தகிரியிலிருந்து குன்னூர் போவதற்கு இவ்வளவு யோசிக்கிறீர்கள். பயம் வந்தால்தான் வயசு வரும்.

எமரால்டு

தம்பி, நீ சொன்ன உதாரணத்தையே முழுசாகப் பார். அந்த ரேஸுக்கு முன்னால் பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது, வீடியோவை நீயும் பார்த்திருப்பாய். அதற்கப்புறம் அவர் தன் அணியின் ஒரு காரை ஓட்டுவதிலிருந்து ஒதுங்கிக்கொண்டு இன்னொரு காரில் ஓட்டினார். அவர் ஓட்டாமல் விட்ட கார் அதன் பிரிவில் மூன்றாவது வந்தது, அவர் கொடியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். 53 வயதில் ரேஸ் ஓட்டினார் என்பதை எல்லோரும் சொல்கிறீர்கள், எதை விட்டுக்கொடுத்து ஓட்டினார் என்பதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம், அங்கே இருப்பது ரேஸ் டிராக். எதிரே வண்டி வராது, மோதினால் தடுப்பு இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் மருத்துவக் குழு. நம் ரோட்டில் வளைவு திரும்பினால் காட்டு மாடு நிற்கும், ஆயிரம் கிலோவை நெருங்கும் ஆண் மாடு, ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

பேரிஜம்

கொடைக்கானல். வயது 63. நான் முழுசாக விட்டவன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் "கொஞ்சம் குறைத்துக்கொள்" என்று சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. குறைப்பது என்பது நடக்காத காரியம் என்பது என் கருத்து. ராத்திரி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்வீர்கள். வத்தலகுண்டில் ஒரு கல்யாணம் இருக்கும், சாப்பாடு முடியவே நான்கு மணி ஆகும், பேச்சு ஓடும், கிளம்பும்போது ஐந்தரை. டம்டம் பாறை தாண்டும்போது இருட்டிவிடும், பெருமாள்மலைக்கு வந்தால் மூடுபனி முன் சக்கரத்தை மறைக்கும். அப்போது நடுரோட்டில் நின்றுகொண்டு "நான் ராத்திரி ஓட்டுவதில்லை" என்று யாரிடம் சொல்வது? தனியாகப் போவதில்லை என்பீர்கள், கூட வருகிறேன் என்றவன் காலையில் போன் எடுக்க மாட்டான், வண்டி கழுவித் தயாராக நிற்கும், போய்விடுவீர்கள். நமக்கு நாமே போட்ட சட்டத்துக்குப் போலீசும் நாம்தான், திருடனும் நாம்தான்.

அதனால் புல்லட்டை விற்றேன். மூன்று மாதம் கஷ்டமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன், தெருவில் அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவேன். அப்புறம் பழகிவிட்டது. இப்போது மன்னவனூருக்குப் பஸ்ஸில் போகிறேன், ஜன்னல் சீட் கிடைத்தால் பூம்பாறைப் பள்ளத்தாக்கை நிம்மதியாகப் பார்க்கலாம், வண்டி ஓட்டின காலத்தில் அதை ஒருநாளும் நான் சரியாகப் பார்த்ததில்லை, கண் ரோட்டிலேயே இருக்கும்.

மலைப்பூண்டு

பேரிஜம் அண்ணனோடு எனக்குப் பாதி ஒப்புதல்தான். நானும் கொடைக்கானல், பெண், 48. பல வருடம் பாறை ஏறினேன், கயிறு, ஹார்னெஸ் எல்லாம் போட்டு முறையாக. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், இடுப்பில் குறைந்திருந்தது.

நான் ஏறுவதை விடவில்லை, முன்னால் ஏறுவதை விட்டேன். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். முன்னால் ஏறுபவர் கயிற்றைக் கீழிருந்து இழுத்துக்கொண்டே போவார், போகிற வழியில் பாறையில் கொக்கி மாட்டி அதில் கயிற்றை விடுவார். கடைசிக் கொக்கியிலிருந்து மூன்று மீட்டர் மேலே போயிருக்கும்போது கை நழுவினால் அந்த மூன்று, கொக்கிக்குக் கீழே இன்னொரு மூன்று, ஆக ஆறு மீட்டர், அதற்கு மேல் கயிறு நீளும் தூரம் வேறு. விழும்போது பாறையில் கணுக்கால் இடித்தால் என் வயதில் அது சேர ஆறு மாதம். அதே பாறையை மேலே முதலிலேயே கட்டிவைத்த கயிற்றில் ஏறினால், நழுவினால் கயிறு நீளும் அளவுதான் இறங்குவோம். அதே பாறை, அதே பிடிகள், அதே மூச்சு வாங்கல். போனது ஒன்றுதான், கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்து ஓ என்று சொல்லும் அந்தப் பெருமை. அது எனக்கு இவ்வளவு பெரிதாக இருந்தது என்று விட்ட பிறகுதான் தெரிந்தது, இப்போதும் இளம்பிள்ளைகள் முன்னால் ஏறும்போது கை அரிக்கும்.

ஆனால் அண்ணன் சொல்வதில் பாதி சரி என்றேனே, அது இதுதான்: மேல் கயிறு மாதிரி ஒரு வழி எல்லா விளையாட்டிலும் இல்லை. அருவித் தடாகத்தில் பாறையிலிருந்து குதிப்பதற்கு பாதி கிடையாது, குதித்தால் குதித்ததுதான். அந்த மாதிரி விஷயங்களை முழுசாகத்தான் விட வேண்டும். கும்பக்கரையில் மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயிலில் குளித்துக்கொண்டிருப்பவர்களைத் தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போகும், வனத்துறை அடிக்கடி தடை போடுவது அதற்குத்தான். அங்கே நீச்சல் தெரிந்தவன் தெரியாதவன் என்ற பேச்சே இல்லை.

நடப்பது பற்றி: ஏறும்போது இருக்கும் மூச்சிரைப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் வயசை அளக்கிறார்கள். இறக்கத்தில் பாருங்கள். வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கினால் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம், தொடையின் முன்தசை உடம்புப் பாரத்தைத் தாங்கித் தாங்கி விட வேண்டும், அது களைத்துப்போனால் முழங்கால் பாரம் தாங்காமல் வெடுக்கென்று மடங்கிவிடும், விழுவது அங்கேதான். எனக்குத் தெரிந்து அந்தப் பாதையில் காலை முறித்துக்கொண்டவர்கள் எல்லோருமே கடைசி ஒரு மணி நேரத்தில்தான் முறித்துக்கொண்டார்கள்.

மலைத்தேன்

நான் குறும்பர். கோத்தகிரிக்குக் கீழே எங்கள் ஊர். இந்தப் பேச்சைப் படிக்க எனக்குக் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எரிச்சல். நீங்கள் காசு கொடுத்துக் கயிறு வாங்கித் தொங்குகிறீர்கள், எங்கள் ஆட்கள் தேனுக்காகத் தொங்கினார்கள். சும்மா சண்டைக்குச் சொல்லவில்லை, எங்களிடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன்.

பாறை முகட்டில் கொடியால் முறுக்கிய ஏணியைக் கட்டி இறங்கி, புகை போட்டு, பெருந்தேனீயின் அடையை அறுப்பார்கள். மேலே கயிற்றுக்குக் காவல் யார் என்றால் மச்சான், பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. கூடப் பிறந்தவனை வைக்க மாட்டார்கள், அவனுக்குச் சொத்திலோ வேறெதிலோ மனசு மாறலாம், ஆனால் தன் தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. என் அப்பா இறங்குவதை நிறுத்தியது அவருக்கு வயசானபோது இல்லை. மாமாவுக்குக் கண் மங்கியபோது. "என் கால் நன்றாகத்தான் இருக்கிறது, மேலே இருக்கும் கண் போய்விட்டது" என்று சொல்லிவிட்டு அந்த வருடமே நிறுத்திவிட்டார். அப்புறம் மேலே உட்கார்ந்து புகைக்குப் பச்சிலை கட்டிக் கொடுப்பார், எந்த அடையை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்வார். ஆளை யாரும் கழற்றிவிடவில்லை.

கோடநாடு அண்ணா, உங்களுக்குக் கயிறு பிடிப்பது யார்? தனியாகச் சோலைக்குள் போகிறேன் என்கிறீர்களே.

கூடலூர் மழை

எல்லாம் தலையெழுத்துப்படிதான். ஃபவுஜா சிங் என்று ஒரு பெரியவர், 2011ல் டொராண்டோவில் 100 வயதில் முழு மாரத்தான் ஓடி முடித்தவர், 2025ல் 114 வயதில் பஞ்சாபில் தன் கிராமத்தில் ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார். ஷூமாக்கர் அத்தனை வருடம் ஃபார்முலா ஒன் ஓட்டி 2012ல் ஓய்வு பெற்று, அடுத்த வருடம் டிசம்பரில் குடும்பத்தோடு பனிச்சறுக்கில் தலையில் அடிபட்டார். ஓட்டினாலும் வரும், விட்டாலும் வரும். ஆசைப்பட்டதைச் செய்துவிட்டுப் போங்கள்.

எமரால்டு

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழை பெய்யாத நாளிலும் சில பேர் வழுக்கி விழுகிறார்கள் என்பதற்காக உறைபனி நாளில் தலைக்குந்தாவில் அதிகாலை பைக்கை எடுத்துக்கொண்டு போவீர்களா? ஷூமாக்கர் ஹெல்மெட் போட்டிருந்தார், குறித்த பாதையை விட்டு வெளியே பாறை இருந்த இடத்தில் சறுக்கினார், அதில் தலையெழுத்து எங்கே வந்தது. தேதி எழுதியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தத் தேதியை நாமே ஏன் முன்னால் இழுக்க வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் யூய்ச்சிரோ மியூரா, ஜப்பான்காரர். 2013ல் 80 வயதில் எவரெஸ்ட் உச்சி தொட்டார், இன்றும் அதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இறங்கும்போது தெம்பு போய், கடைசிப் பகுதியை ஹெலிகாப்டரில்தான் வந்தார் என்பதை விட்டுவிடுவார்கள். 2019ல் 86 வயதில் தென்னமெரிக்காவில் அகோன்காகுவா ஏறப் போனார். சுமார் 6,000 மீட்டரில், கூட வந்த டாக்டர் இதயம் தாங்காது என்று சொன்னார், திரும்பிவிட்டார். தனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும், அந்த மனிதருக்கு எப்போதுமே அப்படித்தான் தோன்றும். அதனால்தான் முடிவை வேறொருவர் கையில் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். மலைத்தேன் சொன்ன மச்சான் கணக்கும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

வெள்ளைக் கோட்டு

ஓய்வு பெற்ற நர்ஸ், ஊட்டி. கோடநாடு சார் சொன்ன அந்த இரண்டு மாத்திரையைப் பற்றி யாருமே பேசவில்லை. இந்த இழையிலேயே பெரிய விஷயம் அதுதான்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், மயக்கம் வராவிட்டாலும், ஹெல்மெட் போட்டிருந்தாலும், எழுந்து டீ குடித்துவிட்டு நன்றாகப் பேசினாலும், ஸ்கேன் எடுக்க வேண்டும். வயசாக ஆக மூளை லேசாகச் சுருங்கும், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சாதாரண இடிக்கே அறுந்து கசியும். சில நேரம் வாரக்கணக்கில் மெல்லக் கசியும். தலைவலி, தள்ளாட்டம், ஒரு பக்கம் கை கால் சோர்வு, பேச்சில் குழறல் என்று வெளியே தெரியும்போது வீட்டில் வயசான மறதி என்று விட்டுவிடுவார்கள். விழுந்ததையே மறந்துபோயிருப்பார்கள்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வண்டி எடுத்துவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது இதைவிட மோசம். பல பேருக்கு இரண்டு மாத்திரையும் காலம் முழுக்கத் தேவைப்படாது, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒன்றைக் குறைப்பது வழக்கம். உங்களுக்கு எப்போது குறைப்பார்கள் என்று கேளுங்கள். வண்டியை விற்பதா வேண்டாமா என்று இன்றைக்கே முடிவு செய்யாமல், அதுவரைக்கும் தொடாமல் வைத்திருக்கலாமே. மருந்து சாப்பிடுவதை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள், அடிபட்டுக் கிடப்பவரிடம் நாங்கள் கேட்க முடியாது.

கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 60 வயதுக் கண்ணின் உள்ளே விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் போனதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் வண்டியின் எல்இடி விளக்கு கண்ணில் அடித்த பிறகு மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் கூடுதலாகும், புரை விழ ஆரம்பித்திருந்தால் வெளிச்சம் சிதறி ஒன்றுமே தெரியாது. அந்த நேரத்தில் வளைவு இருந்தால்? ராத்திரி ஓட்டுவதை விடச் சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை. பேரிஜம் சார் கேட்ட கேள்விக்குப் பதில், கல்யாண வீட்டிலேயே படுத்துக்கொள்வது. வத்தலகுண்டில் ஒரு பாய் கிடைக்காதா என்ன.

பேரிஜம்

பாய் கிடைக்கும் அம்மா, ஆனால் காலையில் சம்பந்தி வீட்டார் முன்னால் லுங்கியோடு நிற்க வேண்டுமே.

நெறியாளர்

ஒரு சின்னக் குறுக்கீடு. "தனியாகச் சோலைப் பக்கம் நடப்பது" என்று முதல் பதிவில் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், வயசு 24 ஆனாலும் 54 ஆனாலும். 2018 மார்ச் 11ல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்தது, பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை எளிது, கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி சிகரம் கடினம். அனுமதியில்லாத பாதைகளுக்கு வழி சொல்லும் பதிவுகள் நீக்கப்படும். தேயிலைத் தோட்டத்து ரோட்டில், ஊர்ப் பாதையில் நடப்பதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்.

மலைத்தேன்

அனுமதி இருந்தாலும் காது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயசானால் முதலில் போவது கீச்சுச் சத்தம், குச்சி முறிவது, இலை சரசரப்பது. யானை நிற்பதை நாங்கள் கண்டுபிடிப்பது கிளை முறிகிற சத்தத்தில், அப்புறம் வாடையில். கரடி என்றால் அந்த நேரமும் கிடைக்காது, தேயிலைப் புதருக்குள்ளிருந்து திடீரென்று வரும். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் நடந்தால் அவன் காதே போதும்.

அரவேணு

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. "மனைவி ஒன்றுமே சொல்வதில்லை" என்ற வரிக்காக எழுதுகிறேன், ஏனென்றால் நானும் ஒன்றும் சொல்லாத மனைவிதான். என் வீட்டுக்காரருக்கு 57, அவரும் வண்டிப் பைத்தியம்.

ஏன் சொல்வதில்லை தெரியுமா? சொன்னால் கோபித்துக்கொண்டு வண்டியை எடுப்பார், கோபத்தில் ஓட்டும் வண்டியை நினைத்தால் சும்மா ஓட்டும் வண்டியே மேல். இன்னொன்று, விடு என்று நான் சொல்லி அவர் விட்டுவிட்டால், அப்புறம் இருபது வருடம் அவர் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் அது என்னால்தான் என்று இருக்கும். அந்தப் பாரம் எனக்கு வேண்டாம். அவரே முடிவெடுக்கட்டும், அவரே சுமக்கட்டும்.

எனக்கு வேண்டியது வேறு. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். எந்த வழியாகப் போகிறார், எத்தனை மணிக்குள் வரவில்லை என்றால் நான் யாரைக் கூப்பிட வேண்டும் என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போவது. இன்சூரன்ஸ் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்பது. வண்டி இன்சூரன்ஸில் ஓட்டுகிற சொந்தக்காரருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு கட்டாயம் என்பதையே நான் ஏஜென்ட் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், லைசன்ஸ் காலாவதியாகியிருந்தால் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்றும் அவர்தான் சொன்னார். பார்த்தால் இவருடைய லைசன்ஸ் முடிந்து நான்கு மாதம். 40க்கு மேல் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ படிவம் வேண்டும், அதற்காகப் போனபோதுதான் இடது கண்ணில் புரை இருப்பதே தெரிந்தது. என் பேச்சுக்கு அசையாத மனிதர் ஒரு படிவத்துக்கு அசைந்தார்.

அண்ணா, உங்கள் வீட்டு அக்காவிடம் "என்ன செய்யட்டும்" என்று கேட்காதீர்கள், பதில் வராது. "நான் போகும்போது உனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் தம்பி

அக்கா, இதைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். நான் கல்லட்டி போவது அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் பங்க் சீட்டு, சட்டையில் புகை வாடை எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

கோடநாடு வளைவு

எல்லோருக்கும் நன்றி. அரவேணு தங்கச்சி சொன்னபடி நேற்று ராத்திரி கேட்டேன். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, மழைக்காலத்தில் கோத்தகிரி – மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிகிற இடங்களைச் சொல்லி, அந்த மாதங்களில் கீழே இறங்க வேண்டியிருந்தால் பஸ்ஸில் போங்கள் என்றாள். இடமெல்லாம் என்னைவிட நன்றாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நர்ஸ் அம்மா சொன்னதுதான் என்னை உலுக்கியது. டாக்டர் இன்னும் கொஞ்ச மாதம் இரண்டு மாத்திரையும் வேண்டும் என்கிறார், அதுவரைக்கும் சாவி பீரோவில். அதற்கப்புறம் ராத்திரி இல்லை, கல்லட்டி இல்லை. பேரிஜம் அண்ணன் இதைப் படித்துச் சிரிப்பார் என்று தெரியும், சிரிக்கட்டும், எனக்கும் அவர் சொன்ன போலீஸ் திருடன் விஷயத்தில் பயம் இருக்கிறது. அதனால்தான் பல்சக்கரம் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். என் வண்டி புல்லட், 190 கிலோ. ஒருமுறை சாய்ந்தால் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். எடை குறைந்ததாக எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டர் வேண்டாம் என்று நீயே சொல்லிவிட்டாய். என்ன பார்க்க வேண்டும்?

தனி நடைக்கு மட்டும் இன்னும் மனசு வரவில்லை. கூட ஆள் இருந்தால் பேச்சுக் கொடுப்பான்.

பேரிஜம்

சிரிக்கவில்லை தம்பி. சாவியை பீரோவில் வைத்தேன் என்றாயே, பீரோ சாவி யாரிடம்?

பல்சக்கரம்

அண்ணா, 125லிருந்து 160 சிசிக்குள் பாருங்கள், எடை 120லிருந்து 145 கிலோவுக்குள் நிற்கும், மலைக்கு அது தாராளம். சீட் உயரத்தைக் கடையில் உட்கார்ந்து பாருங்கள், இரண்டு காலும் முழுப் பாதமும் தரையில் பதிய வேண்டும். சரிவில் நிறுத்தும்போது ஒரு கால்தான் எட்டும் வண்டி நம் ஊருக்கு ஆகாது. முன்னால் டிஸ்க், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் இருப்பதாக எடுங்கள். அதைவிட முக்கியம் கிளட்ச், விரல் வலிக்காமல் இழுக்க வருகிறதா என்று நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், லீவர் தள்ளி இருந்தால் நான் சரிபண்ணித் தருகிறேன். கேபிளுக்கு எண்ணெய் விட்டாலே பாதி வலி போய்விடும், உங்கள் புல்லட்டில் அதைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்? விற்பதற்கு முன்னால் ஒருமுறை கொண்டுவாருங்கள், நீங்கள் ஓட்ட வேண்டாம், மகனை ஓட்டிவரச் சொல்லுங்கள். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள்.